குதிரைத் தடம் சொல்லும் பயிர்க் கணக்கு!

கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்துக்கு ஒரு குளிர்கால நடை

ஜனவரி மாதக் காலை, மணி எட்டு. வட்டக்கானலில் பனிமூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஒரு கூட்டம் 'டால்ஃபின் நோஸ்' பாறையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. வேர்களே படிக்கட்டாகிப்போன ஒற்றையடிப் பாதை. எதிரில், வளைவுக்குக் கீழே, மணிச் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு குதிரையின் தலை தெரிகிறது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டின் முதுகிலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாக்கு மூட்டைகள்.

"குதிரை வருது... மலைப்பக்கமா ஒதுங்கி நில்லுங்க!"

இந்தப் பாதையில் நடப்பவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அதுதான். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்தே ஆள் உருண்டுவிடுவார். மலைப்பக்கம் முதுகைச் சாய்த்து நின்றால் குதிரை தன்பாட்டுக்குப் போய்விடும். மூட்டைகள் உரசிக்கொண்டு போகும்போது, உலர்ந்த காபிக்கொட்டையின் புளித்த வாசம் மூக்கில் ஏறுகிறது.

சுற்றுலா வருகிறவர்களுக்கு இது மலையேற்றப் பாதை. கீழே இருக்கிற வெள்ளகவி விவசாயிகளுக்கு இதுதான் மார்க்கெட் ரோடு. பல தலைமுறைகளாக இந்த மலைக்கிராமத்தின் விளைச்சல் தலைச்சுமையாகவும் குதிரைச் சுமையாகவும்தான் வெளியே போயிருக்கிறது. என்ன விதைப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் மண்ணும் மழையும் மட்டும் இங்கே முடிவு செய்வதில்லை. பாதையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கொடைக்கானலில் ஆரம்பித்துப் பெரியகுளம் வரை இந்தத் தடத்தில் ஒரு நாள் இறங்கினால், அந்தக் கணக்கு படிப்படியாகப் புரிய ஆரம்பிக்கும்.

மோட்டாருக்கு முந்தைய வழி

இன்றைக்குக் கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு வழியாகவோ, பழனி வழியாகவோ பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். ஆனால், மலைமேல் நகரம் உருவாவதற்கு முன்பே இந்தத் தென்சரிவில் ஆள் நடமாட்டம் இருந்தது. 1821-ம் ஆண்டு பழனி மலைகளை அளக்க வந்த ஆங்கிலேய நில அளவை அதிகாரி பி.எஸ்.வார்டு, இந்த வெள்ளகவியில்தான் முகாம் போட்டார். இங்கிருந்துதான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் இடத்துக்கு ஏறினார். ஆக, கொடைக்கானல் என்ற நகரம் வரைபடத்தில் வருவதற்கு முன்பே, குன்னுவர் என்ற மலை விவசாயிகள் வாழ்ந்த இந்த ஊர் இருந்திருக்கிறது.

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலிலிருந்தும் வெயிலிலிருந்தும் தப்பிக்க அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அதன் பிறகு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலி, நாற்காலி, மட்டக்குதிரை என்று மனிதர்களும் சாமான்களும் மலையேறினார்கள். 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இன்றைய 'கொடைக்கானல் ரோடு' ரயில் நிலையம் அதுதான். ரயிலில் வந்து இறங்கியவர்களும் மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து ஏறத்தான் வேண்டியிருந்தது. 1910-களில் லாஸ் காட் சாலையில் மோட்டார் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. அதோடு பழைய தடங்களை நகரம் மறந்துவிட்டது. மலைக்கிராமங்களுக்கு அப்படி மறக்க வழியில்லை.

பள்ளத்தில் உறைபனி... சரிவில் காபி!

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பெரியகுளமோ 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பொதுவாக, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். அப்படிப் பார்த்தால் இந்த நடையின் தலைப்புக்கும் கடைசிக்கும் இடையே 11, 12 டிகிரி வித்தியாசம். காலையில் ஸ்வெட்டரோடு புறப்பட்டவர் மதியம் சட்டைப் பொத்தானைக் கழற்றுவது இதனால்தான்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்ததும் வானம் வெளுக்கிறது. மேகம் இல்லாத இரவில், பகல் முழுக்க நிலம் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகும். கனமான காற்று தண்ணீரைப்போலத்தான்... சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். கொடைக்கானலில் ஏரிக்கரை, கோல்ஃப் மைதானம் போன்ற தாழ்வான புல்வெளிகளில் மட்டும் விடியற்காலை வெள்ளைக் கம்பளம் விரித்ததுபோல உறைபனி படிவதும், பக்கத்து மேட்டில் அது இல்லாமலிருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மேல்மலை விவசாயிகளுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. பள்ளத்து வயலில் உருளைக்கிழங்கு இலை ஒரே இரவில் வெந்ததுபோலக் கருகிவிடும். அதே விவசாயியின் மேட்டு வயல் தப்பித்திருக்கும். உறைபனி விழும் என்று தெரிந்தால், முதல்நாள் மாலையே தண்ணீர் பாய்ச்சி வைப்பது நல்ல உத்தி. ஈரமான மண் பகலில் அதிக வெப்பத்தைச் சேர்த்து வைத்து, இரவில் மெதுவாக விடும்.

வட்டக்கானலிலிருந்து இறங்கும் பாதை, குளிர்காற்று தேங்க இடமே இல்லாத செங்குத்தான சரிவு. அதோடு நிமிடத்துக்கு நிமிடம் உயரமும் குறைகிறது. கொஞ்ச தூரத்திலேயே உறைபனியின் எல்லை முடிந்துவிடுகிறது. உறைபனியைத் தாங்காத அராபிகா காபி, 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில்தான் நன்றாக வரும். குளிரும் வேண்டும்; உறையவும் கூடாது. நகரத்துக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட இந்தச் சரிவு அதற்குச் சரியான மட்டம்.

பாறைக்குப் பிறகு பாதை மாறுகிறது

வட்டக்கானல் கடைத்தெருவில் பிரெட் ஆம்லெட்டும் மேகியும் மணக்கின்றன. அதைத் தாண்டினால் காடு. தைல மரமும் வாட்டிலும் பைனும் முதலில் வருகின்றன. அவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இடையிடையே மடிப்புகளில் குட்டையான, கரும்பச்சையான, பாசி பிடித்த மரக்கூட்டம் தெரியும். அதுதான் இந்த மலையின் சொந்தக் காடான சோலை. சோலைக்குள் காலடி வைத்ததுமே மண் மெத்தென்று ஆகிவிடும். மழைநீரை இழுத்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் கசியவிடுவது அந்த மண்தான். கீழே கும்பக்கரை அருவியில் விழும் பாம்பாற்றுத் தண்ணீர் இந்த மலை மடிப்புகளிலிருந்து ஊறி வருவது.

டால்ஃபின் நோஸ் என்பது பள்ளத்தாக்குக்கு மேலே மூக்கு நீட்டியதுபோல நிற்கும் ஒரு தட்டைப் பாறை. பெரும்பாலான பயணிகள் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பனி படிந்த பாறை வழுக்கும்; விளிம்புக்குப் போவது உயிரோடு விளையாடுவது. பத்தடி உள்ளே உட்கார்ந்தாலே அதே காட்சி கிடைக்கும். வானம் தெளிந்த குளிர்காலக் காலையில் பெரியகுளம் பக்கத்து வயல்களும் தோப்புகளும் கண்மாய்களும் பாய் விரித்ததுபோலக் கீழே கிடக்கின்றன.

அந்த இடத்தைத் தாண்டியதும் பாதை ஆள் குறைந்து, குளம்படி கூடுகிறது. மனிதக் காலடி மட்டும் பட்ட தடத்துக்கும் குதிரை போகிற தடத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குதிரைத் தடத்தில் செங்குத்தான படிகள் குறைவு. ஏற்றத்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். மழைத்தண்ணீர் பாதையை அரித்துவிடாமல் திருப்பிவிட, குறுக்கே கல்வரிசை வைத்திருப்பார்கள். வரப்பு வெட்டத் தெரிந்த கைகள் போட்ட பாதை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் யாராவது மண்வெட்டியோடு வந்து சரிசெய்தால்தான் இது பாதையாக இருக்கும். விட்டால் ஒரே வருடத்தில் ஓடையாகிவிடும்.

செருப்பைக் கழற்றும் ஊர்

சில மணி நேர இறக்கத்துக்குப் பிறகு மரங்களின் சாயல் மாறுகிறது. ஒரு பலா மரம். அடுத்து ஒரு ஆரஞ்சு. பெரிய நிழல் மரங்களின் அடியில் பளபளக்கும் காபி இலைகள். மரத்தண்டுகளைச் சுற்றி மிளகுக்கொடி. காடு எங்கே முடிந்தது, தோட்டம் எங்கே ஆரம்பித்தது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது.

ஊர் எல்லையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளகவி நிறையக் கோயில்கள் உள்ள ஊர். ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை என்பது இங்கே கட்டுப்பாடு. வெளியூர்க்காரருக்கும் அதேதான். ஷூ கயிறை அவிழ்க்கச் சோம்பல்பட்டுக்கொண்டு கேள்வி கேட்பவர்கள் உண்டு. ஆனால், குளிர்ந்த கல்தரையில் வெறுங்காலோடு நாலு எட்டு வைத்ததும் கேட்டவர்களே அமைதியாகிவிடுகிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் இந்தச் சரிவின் தோட்டங்களில் வேலை மும்முரம். காபிப் பழம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் பறித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள்கள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். நவம்பரில் ஆரம்பித்தால் பிப்ரவரி வரை இழுக்கும். ஆள் பற்றாக்குறையால் மொத்தமாக உருவிவிட்டால் பச்சைக் காய் கலந்து, விலையும் சுவையும் இரண்டுமே இறங்கிவிடும்.

600 கிலோ எப்படி 100 கிலோ ஆகிறது?

இங்கேதான் பாதையின் கணக்கு வருகிறது. ஒரு கிலோ சுத்தமான காபிப் பருப்புக்கு ஐந்து முதல் ஆறு கிலோ பழம் தேவை. 600 கிலோ பழத்தை அப்படியே வெளியே கொண்டுபோவதென்றால் எத்தனை குதிரை, எத்தனை நடை! அதையே தோட்டத்தில் தோல் நீக்கி, ஊறவைத்துப் பசை கழுவி, காயவைத்துவிட்டால் சுமை அடியோடு குறைந்துவிடும். கடைசியில் பருப்பாக நிற்பது 100 கிலோவை ஒட்டித்தான். அதாவது 50 கிலோ மூட்டை இரண்டு. தோல் நீக்காமல் பழமாகவே உலர்த்தி, 'செர்ரி'யாக விற்பவர்களுக்கும் பாதிக்கு மேல் எடை குறைந்துவிடும்.

மற்ற பயிர்களையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ. நான்கைந்து கிலோ பச்சை ஏலக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. எடை குறைகிறது, மதிப்பு கூடுகிறது, பத்து நாள் மழை பெய்து பாதை அடைபட்டாலும் சரக்கு கெடாது. பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழத்தைக் காயவைக்க முடியாதுதான். ஆனால், அது மரத்தில் பழுக்காது. முற்றிய காயைப் பறித்த பிறகு, ஒரு வாரம் பத்து நாள்களில்தான் பழுக்கும். கல் மாதிரி இருக்கும்போதே மூட்டை கட்டி, குதிரையில் ஏற்றிவிடலாம். வழியில் நசுங்காது. கடைக்குப் போய்ப் பழுத்துக்கொள்ளும்.

இப்போது மேல்மலைக்குப் போய்ப் பார்க்கலாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் படிக்கட்டு வயல்களில் கேரட், உருளை, பீன்ஸ், முட்டைகோஸ். அங்கே லாரி போகிறது. மாலையில் பிடுங்கிக் கழுவிய கேரட் மறுநாள் காலையில் சந்தையில் இருக்கும். 100 கிலோ கேரட் என்பது கடைசிவரை 100 கிலோதான். இரண்டு நாள் தாமதமானால் எடையும் போகும், விலையும் போகும். இதை ஒற்றையடிப் பாதையில் சுமந்து விற்று யாரும் வாழ முடியாது. புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு மட்டும் விதிவிலக்கு. உலர்த்தித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாத சரக்கு அது. பாதைக்கு ஏற்ற பயிர் என்றால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

பாதை உள்ளே போடும் கட்டாயத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. நிழல் மரம் இல்லாமல் காபி இல்லை. மரம் இல்லாமல் மிளகுக்கொடி ஏறாது. அதனால் சரிவில் மரங்கள் நிற்கின்றன. மரங்கள் நிற்பதால் மண் நிற்கிறது. உழுது கொத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைத் திறந்து போடும் பயிரை இவ்வளவு செங்குத்தான சரிவில் வைத்திருந்தால், மேல்மண் என்றைக்கோ கும்பக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

குளிர்காலத்தில் காயவைப்பதுதான் பெரும்பாடு. ஈரப்பதம் 10, 11 சதவிகிதத்துக்கு இறங்கினால்தான் காபியை மூட்டை பிடிக்கலாம். பகலில் நல்ல வெயில் அடிக்கும். நான்கு மணிக்கே பனி இறங்க ஆரம்பித்துவிடும். காய்ந்த கொட்டை பனியில் நனைந்தால் பூஞ்சணம் பிடித்து, நிறமும் மணமும் கெட்டுவிடும். அதனால் வெயில் சாய்வதற்கு முன்பே குவித்து, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். காலையில் தரை காய்ந்த பிறகே பரப்ப வேண்டும். வெறும் மண்ணில் காயவைத்தால் மண்வாசனை ஏறிவிடும் என்பதால், களம் அல்லது பாய் கட்டாயம். மாலை நேரத்தில் வந்து சேரும் பயணிகளிடம் ஊரார் முகம் கொடுத்துப் பேசவில்லையென்றால், கோபமில்லை. பனிக்கு முன்னால் களத்தை மூடும் அவசரம்!

அதே தடத்தில் டோலி

நடந்து பார்க்க வருகிறவர்களுக்குச் சாலை இல்லாதது அழகாகத் தெரியும். ஹாரன் சத்தமில்லை, பிளாஸ்டிக் கடைகள் இல்லை. ஆனால், ஒரு நாள் இறங்கிப் போய்விடுகிறவரின் கணக்கும் வருடம் 365 நாள்களும் இருப்பவரின் கணக்கும் ஒன்றல்ல. பிரசவ வலி எடுத்த பெண்ணை, பாம்பு கடித்தவரை, நெஞ்சு வலி வந்த பெரியவரை, கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பாதையும் இதேதான். ரேஷன் அரிசியும் கேஸ் சிலிண்டரும் சிமென்ட் மூட்டையும் இதிலேதான் வர வேண்டும். சமவெளியில் ஒரு மூட்டை உரத்துக்குக் கொடுக்கும் விலையின் மேல், இங்கே குதிரை வாடகையும் ஏறும். விற்கும்போதும் அதே வாடகை கழியும். ஆக, சாலை இல்லாத விவசாயி வாங்கும்போது ஒருமுறை, விற்கும்போது ஒருமுறை என இரண்டு தடவை சுங்கம் கட்டுகிறார்.

சாலை வேண்டும் என்று இந்த மலையின் குக்கிராமங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. கொடைக்கானல் வனப்பகுதி 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி தேவை. ஆனால், மலைக்கிராம விவசாயிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் எடுத்துக்கொள்ள அது வழி செய்கிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். கேட்க வேண்டியதை ஊர் கூடித் தீர்மானமாகப் போடுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

சாலை வந்தால் பயிரும் மாறும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். லாரி வந்தால் பீன்ஸும் சௌசௌவும் வரும். வெயில் கேட்கும் பயிர் வந்தால் நிழல் மரத்துக்குக் கோடாரி வரும். நிலத்துக்கு விலை ஏறும். வாங்க வெளியூர்க்காரர் வருவார். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்குப் போட்ட மலைச்சாலையில், கனமழை பெய்தால் மண் சரிவதும் போக்குவரத்து நிற்பதும் வாடிக்கை. ஆம்புலன்ஸ் போகிற அளவுக்குப் பாதை வேண்டும். மலை சரியாத அளவுக்கு மரமும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதைப் படம் எடுத்துப் போகும் பயணி முடிவு செய்ய முடியாது. தோட்டம் வைத்திருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாம்பூ வாசத்தில் முடியும் நடை

வெள்ளகவியிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் பகுதிதான் முட்டியைச் சோதிக்கும். சோலையின் ஈரம் போய், இலையுதிர் காடும் முட்புதரும் வருகின்றன. கல் சூடேறியிருக்கும். காலையில் பனியை ஊதித் தள்ளிக்கொண்டு நடந்தவர்கள், இப்போது நிழலுக்கு ஒதுங்குகிறார்கள். காட்டுமாடு போன தடமும் சாணமும் பாதையில் தெரியும். எதிரில் நின்றால், அது வழிவிடும்வரை சத்தமில்லாமல் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அருவிச் சத்தம் கேட்டால் அடிவாரம் வந்துவிட்டது என்று பொருள். அதைத் தாண்டினால் பெரியகுளத்தின் மாந்தோப்புகள். அதே குளிர்தான் இங்கே வேறு வேலை செய்கிறது. இரவுக் குளிரும் வறண்ட வானமும் சேர்ந்தால்தான் மா மரம் தளிர் விடுவதை நிறுத்திவிட்டுப் பூவெடுக்கும். மேலே உருளைக்கிழங்கு இலையைக் கருக்கிய ஜனவரி, நடுவில் காபிப் பழத்தைச் சிவக்க வைத்து, கீழே மாம்பூவை மலர வைக்கிறது. தென்னந்தோப்புக்கு நடுவே தார்ச்சாலை வந்ததும், நடந்தவர்கள் மினி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

ரோட்டோரத்தில் ஒரு குதிரை கட்டியிருக்கிறது. கொண்டுவந்த மூட்டையை இறக்கியாகிவிட்டது. இப்போது அதன் முதுகில் அரிசி, எண்ணெய் டின், ஒரு கட்டு நோட்டுப் புத்தகம், ஒரு ஜோடி புதுச் செருப்பு. ஊர் எல்லை வரைக்கும் போட்டுக்கொள்ள! இருட்டுவதற்குள் ஏறிவிட வேண்டுமே என்று குதிரைக்காரர் வாரை இழுத்துக் கட்டுகிறார்.

நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எந்த மாதத்தில் போகலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் பாதி வரை ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், அட்டைத் தொல்லை குறைவு. பிப்ரவரி பாதிக்கு மேல் உறைபனியில் கருகிய புல்லும் சருகும் காய்ந்து, காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது இதனால்தான்.

அனுமதி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளுக்கு இணையதளத்தில் முன்பதிவு வசதி உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். எந்தப் பாதை எப்போது திறந்திருக்கிறது என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும். தனியாக, வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது.

தோட்டத்துக்குள் போய்ப் பழம் பறிக்கலாமா?

கூடாது. வேலி இல்லாததால் அது காடு என்று நினைத்துவிட வேண்டாம். பாதையோரத்து ஆரஞ்சும் காபியும் ஒருவருடைய வருட வருமானம். வேண்டுமென்றால், கேட்டு, காசு கொடுத்து வாங்கலாம். காபித் தூளோ மிளகோ ஊரிலேயே வாங்கினால், குதிரை வாடகை மிச்சமாகும் லாபம் விவசாயிக்கே போகும்.

சமவெளியில் காபி பயிரிடலாமா?

வணிக ரீதியாகச் சரிவராது. அராபிகாவுக்கு 1,000 முதல் 1,500 மீட்டர் உயரமும் 15 முதல் 25 டிகிரி வெப்பநிலையும் தேவை. ரொபஸ்டாவுக்கும் 500 மீட்டருக்கு மேல் வேண்டும். கீழ்ப்பழனி மலைப் பகுதியில் நிலம் உள்ளவர்கள், தாண்டிக்குடியில் உள்ள காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். வெண்ணெய்ப்பழம், மிளகு போன்ற மலைத்தோட்டப் பயிர்களுக்கு, தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.